ஹவுஸ்ஃபுல் ஓடியும் புஷ் ஜெயித்தது எப்படி? ஃபாரன்ஹீட் 9/11 கணக்கு

கேள்வி (4 பிப்ரவரி, இரவு 9.10)

2004 கோடையில் அமெரிக்காவில், அதிபர் புஷ்ஷைச் சாடி மைக்கேல் மூர் எடுத்த ஃபாரன்ஹீட் 9/11 என்ற ஆவணப்படம் தியேட்டர் தியேட்டராக நிரம்பி ஓடியது. சனம் கைதட்டியது, அழுதது, எழுந்து நின்றது. கேன்ஸில் தங்கப்பனை வாங்கிய முதல் ஆவணப்படம் வேறு. நவம்பர் 2-ல் புஷ் மறுபடியும் ஜெயித்துவிட்டார். தேர்தலுக்கு முன்னால் அரசியல் ஆவணப்படம் எடுப்பது காசைக் கரியாக்குகிற வேலை என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளலாமா?

4 பிப்ரவரி, இரவு 10.35

முதலில் கேன்ஸ். முதல் ஆவணப்படம் அது இல்லை. 1956-லேயே கூஸ்தோவும் லூயி மாலும் எடுத்த கடலடிப் படம் அந்தப் பரிசை வாங்கிவிட்டது. 48 வருஷம் கழித்து வந்த இரண்டாவது இது. 2004-ல் நடுவர் குழுத் தலைவர் டாரன்டினோ.

அடுத்தது ஆள் கணக்கு. அமெரிக்காவில் மொத்த வசூல் சுமார் 11.92 கோடி டாலர். அந்த வருஷம் அங்கே சராசரி டிக்கெட் விலை 6.21 டாலர். வகுத்தால் 1.92 கோடி டிக்கெட். இரண்டு தடவை பார்த்தவர், வோட்டுரிமை இல்லாதவர், பெரியவர் துணையோடு வந்த சின்னப் பசங்கள் எல்லாரும் இதற்குள் அடக்கம். பெருநகரத்தில் டிக்கெட் விலை சராசரியைவிட அதிகம் என்பதால் உண்மையான தலை எண்ணிக்கை இன்னும் கொஞ்சம் இறங்கும். அந்தத் தேர்தலில் விழுந்த வோட்டு சுமார் 12.2 கோடி. எப்படி இழுத்தாலும் ஆறு பேருக்கு ஒருவர்கூட தியேட்டரில் பார்க்கவில்லை.

ஆவணப்படத்துக்கு இது மலைக்க வைக்கிற கூட்டம். தேர்தலுக்கு இது சிறிய கூட்டம். கேள்வியில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

4 பிப்ரவரி, இரவு 11.20

முதல் வாரக் கடைசியையும் போட்டுவிடுகிறேன். ஜூன் 23-ல் நியூயார்க்கில் இரண்டு தியேட்டர், ஜூன் 25 வெள்ளிக்கிழமை நாடு முழுக்க 868 ஸ்க்ரீன். மூன்று நாளில் 2.39 கோடி டாலர், அந்த வாரம் முதலிடம். மூரின் முந்தைய படம் மொத்த ஓட்டத்திலும் அங்கே எடுத்தது 2.16 கோடிதான்.

868-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 27,558 டாலர். சராசரி விலைப்படி 4,400 பேர். படம் 122 நிமிடம், முன்னால் ட்ரெய்லர், பின்னால் கூட்டிப் பெருக்குவது. எல்லாம் சேர்த்து ஒரு காட்சிக்கு இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். நாளைக்கு ஐந்து காட்சி, மூன்று நாளில் பதினைந்து. ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட 295 பேர், காலை 11 மணிக் காட்சி உட்பட. மல்டிப்ளெக்ஸில் ஒரு ஹாலில் 200 முதல் 300 சீட்தான் இருக்கும். கணக்கு இடிக்கிறது, காலையில் பார்க்கிறேன்.

5 பிப்ரவரி, காலை 6.50

இடித்ததற்குக் காரணம் நான் எழுதிய ஒரு சொல். 868 என்பது தியேட்டர், ஸ்க்ரீன் இல்லை. ஒரே வளாகத்தில் இரண்டு, மூன்று ஹாலில் ஓட்டியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு பிலிம் பெட்டி வந்திருந்தால் இரண்டு ஹாலில் எப்படி ஓட்டுவது? இங்கேதான் ஆபரேட்டர் கேபினுக்குள் போக வேண்டும். 2004-ல் அமெரிக்காவில் டிஜிட்டல் ப்ரொஜெக்டர் அபூர்வம், எல்லாம் 35 மி.மீ. பிலிம். நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 122 நிமிடத்துக்கு 10,980 அடி, அதாவது 3.3 கிலோமீட்டர். இது 2,000 அடி ரீல்களாக ஆறோ ஏழோ வரும். ஆபரேட்டர் அவற்றை வரிசையாக ஒட்டிச் சேர்த்து, பிளாட்டர் என்கிற பெரிய கிடைத்தட்டில் சுற்றி வைப்பார். பிலிம் தட்டின் நடுவிலிருந்து உருவிக்கொண்டு போய் ப்ரொஜெக்டருக்குள் நுழைந்து, வெளியே வந்து இன்னொரு தட்டில் சுற்றிக்கொள்ளும். திருப்பிச் சுற்றுகிற வேலை கிடையாது, அடுத்த காட்சிக்கு அப்படியே தயார்.

கூட்டம் வழிந்தால் இன்டர்லாக். முதல் ப்ரொஜெக்டரிலிருந்து வெளியே வருகிற பிலிமைத் தட்டுக்கு அனுப்பாமல், கேபின் சுவரிலும் கூரையிலும் மாட்டிய உருளைகள் வழியே பக்கத்து ப்ரொஜெக்டருக்குக் கொண்டுபோய், அதற்கப்புறம்தான் தட்டில் சுற்றுவது. ஒரே ப்ரிண்ட், இரண்டு ஹால். இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஒன்று கொஞ்சம் முந்தினால் நடுவில் பிலிம் விறைக்கும், பிந்தினால் தொய்ந்து தரையில் குவியும். விறைத்தால் பிலிம் அறுந்து இரண்டு ஹாலும் இருட்டு.

பிலிம் வினாடிக்கு ஒன்றரை அடிதான் நகரும். இரண்டு மெஷினுக்கும் இடையில் 60 அடி பிலிம் கிடந்தால் இரண்டாவது ஹால் 40 வினாடி பின்தங்கும். சுவர் மெல்லிசாக இருந்தால் பக்கத்து ஹாலில் சிரிப்பு வெடித்து 40 வினாடி கழித்துத்தான் இங்கே அந்தச் சிரிப்பு வரும். இதைவிட மோசமான ஸ்பாய்லர் கிடையாது.

5 பிப்ரவரி, மதியம் 1.15

திருத்தம். "அறுந்து" என்று எழுதியது பழைய அசிடேட் பிலிமுக்குப் பொருந்தும். 2004-ல் வந்த ப்ரிண்ட் பாலியஸ்டர். அதைக் கையால் இழுத்து அறுக்க முடியாது. விறைத்தால் உருளையையும் மெஷின் பாகத்தையும்தான் வளைக்கும். அதற்காகவே வழியில் காவல் கை ஒன்று இருக்கும். பிலிம் அளவுக்கு மீறித் தொய்ந்தாலோ விறைத்தாலோ அது நகர்ந்து மோட்டாரை நிறுத்தி விளக்கின் முன் மூடியை இறக்கிவிடும். இரண்டு ஹாலும் இருட்டாவது என்னவோ உண்மை.

காற்றில் ஈரம் குறைந்தால் இன்னொரு வம்பு. நிலைமின்சாரத்தில் பிலிம் அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டு தட்டின் நடுவிலிருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியைச் சுற்றி இறுகிவிடும். கேபினில் அதற்கு "மூளைச்சுற்று" என்பது போல ஒரு பெயர் உண்டு. அரசியல் படத்துக்குப் பொருத்தமான கோளாறு.

5 பிப்ரவரி, இரவு 8.40

கேபினை விட்டு ஹாலுக்கு வருவோம். கைதட்டல் பற்றிக் கேட்டீர்கள்.

முதல் வாரக் கூட்டம் தானாக வந்த கூட்டம் மட்டும் இல்லை. மூவ்ஆன் என்ற புஷ் எதிர்ப்பு அமைப்பு தன் உறுப்பினர்களிடம் "முதல் வாரக் கடைசியிலேயே போய்ப் பார்ப்பேன்" என்று உறுதி வாங்கியது. ஜூன் 28-ல் வீடு வீடாகக் கூட்டம் போட்டு மூரை இணையத்தில் பேச வைத்தது. எதிர்த்தரப்பு இன்னொரு பக்கம் தியேட்டர்காரர்களுக்குக் கடிதம் எழுதி, படத்தைப் போடாதே என்று நெருக்கியது. இரண்டும் சேர்ந்துதான் வாசலில் வரிசையை நீளமாக்கின. ஏற்கெனவே முடிவெடுத்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிய கை அது. நம் ஊர் முதல் நாள் முதல் காட்சியின் விசிலை வைத்துப் படத்தின் நூறாவது நாளைக் கணிப்பீர்களா?

நிரம்பிய ஹாலில் நகைச்சுவை ஆவணப்படத்துக்கு ஒரு குறைபாடும் உண்டு. சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். மேடை நடிகர் சிரிப்புக்குக் காத்திருப்பார், பிலிம் காத்திருக்காது. மூர் கிண்டலையும் ஆதாரத்தையும் அடுத்தடுத்து அடுக்குகிற ஆள். கிண்டல் காதில் விழும், அதையடுத்து வருகிற பெயரும் தேதியும் சிரிப்பில் முங்கிப்போகும். புஷ்ஷின் ராணுவப் பதிவில் ஒரு பெயரைக் கறுப்பு மையால் அடித்த ஆவணமும் அடிக்காத பழைய பிரதியும் திரையில் வருகிற இடம் ஒன்று. முன் வரிசைக்காரருக்குக் கழுத்துத்தான் வலிக்கும். அதைப் படிக்க, ஹாலின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி நடு சீட் வேண்டும்.

இதற்கு நேர் எதிர், கோபுரங்கள் மீது விமானம் மோதுகிற இடம். திரையில் படமே இல்லை, கறுப்பு. ஓசை மட்டும். டிவியில் ஆயிரம் தடவை பார்த்த காட்சியை மறைத்துவிட்டதால், கூட்டம் தன் நினைவிலிருந்து எடுத்து அங்கே போட்டுக்கொண்டது. வீட்டில் விளக்கெரிய ஓடினால் அந்த இடத்துக்குப் பாதி பலம்கூட இல்லை.

இடைவேளையும் கிடையாது. 122 நிமிடம் ஒரே மூச்சு. நம்மைப் போல நடுவில் வெளியே வந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே கட்சி பிரிந்து சண்டை போட வாய்ப்பில்லாமல், எல்லாம் கடைசியில் வாசலில்தான்.

6 பிப்ரவரி, காலை 7.30, கேள்வி கேட்டவர்

தேர்தலுக்கு 60 நாள் முன்னால் வேட்பாளர் பெயர் வரக்கூடாது என்று அங்கே ஒரு சட்டம் இருந்ததே? செப்டம்பரில் படத்தைத் தூக்கியிருக்க வேண்டுமே?

6 பிப்ரவரி, இரவு 9.05

இல்லை. 2002-ல் வந்த மெக்கெய்ன்-ஃபைன்கோல்ட் சட்டம் தியேட்டரைத் தொடவில்லை. அதன் வலையில் வந்தவை காற்றலை, கேபிள், செயற்கைக்கோள் ஒளிபரப்புகள் மட்டும். அடையாளம் தெரிகிற வேட்பாளரைக் குறிப்பிட வேண்டும். 50,000 பேருக்கு எட்டுவதாக இருக்க வேண்டும். பொதுத்தேர்தலுக்கு முன் 60 நாள், கட்சி மாநாட்டுக்கோ முதற்கட்டத் தேர்தலுக்கோ முன் 30 நாள் என்ற கெடுவுக்குள் வர வேண்டும். அப்படியானால் நிறுவனப் பணத்தில் அதை ஒளிபரப்பக் கூடாது என்று இருந்தது.

புஷ்ஷின் குடியரசுக் கட்சி மாநாடு ஆகஸ்ட் 30-ல் தொடங்கியது. 30 நாள் பின்னால் எண்ணினால் ஜூலை 31. நவம்பர் 2-லிருந்து 60 நாள் எண்ணினால் செப்டம்பர் 3. ஆக, ஆகஸ்டிலிருந்து படம் தாராளமாக ஓடலாம், ஆனால் புஷ் முகம் வருகிற டிவி விளம்பரம் போட்டால் வம்பு. சிட்டிசன்ஸ் யுனைடெட் என்ற பழமைவாத அமைப்பு தேர்தல் ஆணையத்தில் புகார் கொடுத்ததும் விளம்பரத்தைக் குறி வைத்துத்தான். ஆகஸ்டில் அது தள்ளுபடியானது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

8 பிப்ரவரி, இரவு 10.15

"காசைக் கரியாக்குகிற வேலையா" என்ற மூலக் கேள்விக்கு என் பதில் நாட்காட்டியில் இருக்கிறது.

படத்தை வாங்க ஆளில்லாமல் தடுமாறியது மே மாதம். படத்துக்குப் பணம் போட்ட மிராமாக்ஸின் தாய் நிறுவனமான டிஸ்னி வெளியிட மறுத்தது. மிராமாக்ஸை நடத்திய வைன்ஸ்டீன் சகோதரர்கள் உரிமையைத் தாங்களே வாங்கி, லயன்ஸ் கேட், ஐஎஃப்சி என்ற விநியோக நிறுவனங்கள் வழியாக ஜூனில் வெளியிட்டார்கள். கூட்டத்தின் உச்சம் ஜூன் கடைசியும் ஜூலையும். நவம்பருக்கு நான்கு மாதம் இருக்கிறது. தியேட்டர் சூடு அவ்வளவு நாள் தாங்காது என்று மூருக்கும் தெரியும். அதனால்தான் டிவிடி. அது கடைக்கு வந்தது அக்டோபர் 5.

ஓஹையோவில் வாக்காளராகப் பதிவு செய்யக் கடைசி நாள் அக்டோபர் 4. ஃப்ளோரிடாவிலும் அக்டோபர் 4. பென்சில்வேனியா, மிச்சிகன் இரண்டும் அதே நாள். இழுபறி மாகாணங்களில் பெரிய நான்கிலும், டிவிடி பார்த்துச் சூடாகிற, அதுவரை பதிவு செய்யாத ஆள் அந்தத் தேர்தலுக்குப் பயன்படாதவர். ஒரு நாள் பிந்திவிட்டது. விஸ்கான்சினிலும் மின்னசோட்டாவிலும் வாக்குப்பதிவு நாளன்றே பதிவு செய்யலாம் என்பதால் அங்கே மட்டும் பாதகமில்லை. டிவிடி செவ்வாய்க்கிழமை வெளியாவது அன்றைய வியாபார வழக்கம். ஒரு செவ்வாய் முன்னால், செப்டம்பர் 28-ல் வைத்திருந்தால் ஆறு நாள் கையில் இருந்திருக்கும். ஓஹையோவில் புஷ் முந்தியது சுமார் 1,18,000 வோட்டில். அந்த ஆறு நாள் அதைப் புரட்டியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு தேர்தலைக் குறி வைத்ததாகச் சொல்லிக்கொண்ட படம் தேர்தலின் கெடுவைப் பார்க்காமல் தேதி குறித்தது என்கிறேன்.

9 பிப்ரவரி, காலை 8.00

நேற்று எழுதியது கொஞ்சம் கடுமைதான். டிவிடி குறி வைத்தது புதிய வாக்காளரை இல்லை, ஏற்கெனவே பதிவு செய்து தயங்குகிறவரை என்றும் வாதிடலாம். டிவியிலும் முயற்சி நடந்தது. அன்றைய விதிப்படி, ஆஸ்கர் ஆவணப்படப் பிரிவில் போட்டியிட்டால் தியேட்டருக்கு வந்து ஒன்பது மாதம் டிவியில் காட்டக் கூடாது. மூர் அந்தப் பிரிவையே விட்டுக்கொடுத்து, சிறந்த படத்துக்கு மட்டும் போட்டியிடுவதாக அறிவித்தார். தேர்தலுக்கு முந்தைய இரவு காசு கட்டிப் பார்க்கும் கேபிள் சேனலில் ஓட்டத் திட்டம். அந்த நிறுவனம் கடைசி நேரத்தில் பின்வாங்கியது. டிவியும் இல்லை, ஆஸ்கர் பரிந்துரை ஒன்றும் இல்லை.

தியேட்டர் வாசலில் பதிவுப் படிவத்தோடு மேஜை போட்டவர்கள்தான் இதில் கெட்டிக்காரர்கள். வெளியே வருகிறவர் காருக்குப் போவதற்குள் பிடிக்க வேண்டும். மேஜை பொது நடைபாதையில் இருந்தால் கேள்வி இல்லை, பேரங்காடிக்குள் தியேட்டர் இருந்தால் அது தனியார் இடம், உரிமையாளர் அனுமதி வேண்டும். கலிஃபோர்னியா மாதிரி சில மாகாணத்தில் மட்டும் அங்காடிக்குள்ளும் பேச உரிமை உண்டு.

11 பிப்ரவரி, இரவு 9.50

படத்தில் பொய் இருந்ததா என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். இரண்டு இடம் சொல்கிறேன்.

ஒன்று, இல்லினாய் மாகாணத்து தி பான்டகிராஃப் நாளிதழ். 2000 தேர்தலில் புஷ்ஷோடு மோதிய கோர்தான் ஜெயித்தார் என்று ஒரு தலைப்பு திரையில் செய்தி போல மின்னி மறைகிறது. உண்மையில் அது 2001 டிசம்பர் 5-ல் வந்த வாசகர் கடிதத்தின் தலைப்பு. படத்தில் டிசம்பர் 19 தேதியோடு செய்தி வடிவத்தில் காட்டப்பட்டது. பத்திரிகை வருத்தம் தெரிவிக்கச் சொல்லி ஒரே ஒரு டாலர் இழப்பீடு கேட்டது. நிரம்பிய ஹாலில் ஓரிரு வினாடி வருகிற காகிதத்தை யார் சரிபார்ப்பது?

இரண்டு, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் நாட்டை விட்டுக் கிளம்பிய சவூதிக்காரர்களின் விமானம். வான்வெளி மூடியிருந்தபோதே அவர்கள் பறந்துபோனார்கள் என்று படம் சொன்னதாகப் பலர் திட்டினார்கள். படம் சொல்வது செப்டம்பர் 13-க்குப் பிறகு என்று. 2004 ஜூலை 22-ல் வந்த 9/11 ஆணைய அறிக்கையும் 14 முதல் 24 வரை ஆறு தனி விமானத்தில் 142 பேர் என்கிறது. வாக்கியம் சரி. ஆனால் 142 பேரில் 30 பேரை எஃப்பிஐ நேரில் விசாரித்தது என்று அறிக்கை சொல்கிறது. ஒழுங்காக விசாரிக்காமல் வழியனுப்பினார்கள் என்ற எண்ணத்தோடுதான் படம் பார்த்தவர் வெளியே வருவார். சரியான வாக்கியத்தை அடுக்கியே இப்படிச் செய்யலாம். திட்டியவர்கள் திட்ட வேண்டிய இடத்தை விட்டுவிட்டார்கள்.

14 பிப்ரவரி, மாலை 6.20

இப்போது சிட்டிசன்ஸ் யுனைடெட். மூர் மீது புகார் கொடுத்தவர்கள் அதே ஆண்டு தாங்களும் ஒரு பதில் படம் எடுத்தார்கள். அதை ஒளிபரப்பவும் விளம்பரம் செய்யவும் ஊடகத்துக்கான விலக்கு உங்களுக்கு இல்லை என்று தேர்தல் ஆணையம் செப்டம்பரில் சொல்லிவிட்டது. பாடம் புரிந்தது: படம் எடுக்கிற அமைப்பு என்று பெயர் வாங்க வேண்டும். வரிசையாக எடுக்க ஆரம்பித்தார்கள்.

2008-ல் ஹிலாரி கிளின்டன் மீது 90 நிமிடப் படம். தியேட்டரிலும் டிவிடியிலும் தடையில்லை. 12 லட்சம் டாலர் கட்டினால் கேட்டவருக்கெல்லாம் இலவசமாகக் காட்டுகிறோம் என்றது ஒரு கேபிள் சேவை. கேபிள் என்றதும் அந்த 30 நாள் சட்டம் குறுக்கே வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, 2009-ல் இரண்டு முறை வாதம். 2010 ஜனவரி 21-ல் 5-க்கு 4 என்று தீர்ப்பு: தேர்தல் பேச்சுக்கு நிறுவனங்கள் தாமே செலவு செய்வதைத் தடுக்க முடியாது. இன்றைக்கு அங்கே தேர்தலில் கொட்டுகிற வெளிப்பணத்தின் மடை அன்றைக்குத்தான் திறந்தது.

ஃபாரன்ஹீட்டின் விளைவை வோட்டில் தேடுகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. படத்தைப் பார்த்து மனம் மாறிய நடுநிலையாளர்கள் எத்தனை பேரோ, அதன் தியேட்டர் வரிசையைப் பார்த்து "நாமும் இதையே செய்தால் என்ன" என்று கணக்குப் போட்ட எதிரிதான் அமெரிக்கத் தேர்தலை மாற்றியவர். மூருக்கு இதில் பெருமை சேராது, பாவம்.

15 பிப்ரவரி, காலை 7.15

இங்கே எப்படி என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. அங்கே அரசு சென்சார் கிடையாது. ஆர் மதிப்பீடு, அதாவது 17 வயதுக்குக் கீழே பெரியவர் துணை வேண்டும் என்பது, தொழிலே தனக்குப் போட்டுக்கொண்ட விதி. இங்கே ஆவணப்படமானாலும் பொதுவில் திரையிட 1952 திரைப்படச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். அதற்குமேல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 126. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம், முடிவைப் பாதிக்கும் நோக்கமுள்ள எதையும் சினிமா, டிவி வழியாகக் காட்டக் கூடாது. இரண்டு வருஷம் வரை சிறை. அமெரிக்கச் சட்டம் விட்டுவைத்த தியேட்டரை நம் சட்டம் பெயர் சொல்லியே பிடித்திருக்கிறது. ஆம் ஆத்மி கட்சியின் தொடக்கம் பற்றிய ஆவணப்படத்துக்கு மோடி, கெஜ்ரிவால், ஷீலா தீட்சித் ஆகியோரின் தடையில்லாக் கடிதம் வாங்கி வா என்று சென்சார் கேட்டதும், மேல்முறையீட்டில் அது ஜெயித்து, 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் நிறுத்த மறுத்த பிறகு வெளியானதும் தெரிந்த கதை.

19 பிப்ரவரி, இரவு 11.30

விட்டுப்போன ஒன்று. படத்தின் தொடக்கத்தில், தேர்தல் முடிவை எண்ண 2001 ஜனவரியில் நாடாளுமன்றத்தின் இரண்டு அவையும் சேர்ந்து கூடிய கூட்டம் வரும். ஃப்ளோரிடா முடிவை எதிர்த்துக் கறுப்பின உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து வருவார்கள். துணை அதிபர் என்ற முறையில் தலைமை வகிப்பவர், தோற்றுப்போன கோரேதான். செனட்டர் ஒருவரின் கையெழுத்து இருக்கிறதா என்று கேட்பார், இல்லை என்றதும் உட்காரச் சொல்வார். 1887-ஆம் ஆண்டுச் சட்டப்படி கீழவையில் ஒருவர், செனட்டில் ஒருவர் கையெழுத்திட்டால்தான் ஆட்சேபத்தை விவாதத்துக்கே எடுப்பார்கள். நூறு செனட்டரில் ஒருவரும் போடவில்லை. இந்த நடைமுறை இருப்பதே பலருக்கும் அந்த ஹாலில்தான் தெரிந்திருக்கும்.

2005 ஜனவரி 6, ஓஹையோ முடிவை எண்ணும் நேரம். கீழவையிலிருந்து ஸ்டெஃபனி டப்ஸ் ஜோன்ஸ் எழுந்தார். இந்த முறை காகிதத்தில் ஒரு செனட்டரின் கையெழுத்து இருந்தது, கலிஃபோர்னியாவின் பார்பரா பாக்ஸர். இரண்டு அவையும் பிரிந்துபோய் விவாதித்தன. கீழவையில் 31-க்கு 267 என்று தோற்றது. செனட்டில் 1-க்கு 74. அந்த ஒன்று அவருடையது.

19 பிப்ரவரி, இரவு 11.45

இப்போது ஒருவர் போதாது. 2022-ல் விதியைத் திருத்திவிட்டார்கள், இரண்டு அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர் கையெழுத்து வேண்டும்.